துக்க வீட்டுத் தவிடு

அந்த ஊரில் ஒருவர் செத்துப்போனால் அவர் வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. மாதா கோயில் தெருவில் சாவு விழுந்தால் மேலத்தெருவிலிருந்து சோறு போகும். மேலத்தெருவில் விழுந்தால் மாதா கோயில் தெருவிலிருந்து வரும். யார் சொல்லி ஆரம்பித்தது, எந்த வருஷம் ஆரம்பித்தது என்றால் ஒருத்தருக்கும் தெரியாது. பசிக்குமே என்று கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

அதற்கென்று சில முறைகள் இருந்தன. துக்க வீட்டுக்குப் போகிற குழம்பைத் தாளிக்கக் கூடாது. வாசல் வழியாகப் போகாமல் கொல்லைப்பக்கமாகப் போக வேண்டும். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே தட்டு எடுக்கிற சத்தம் கேட்கும்வரை நிற்க வேண்டும். கேட்டதும் திரும்பிவிட வேண்டும். பேச்சு கூடாது. அதிலும் 'போயிட்டு வரேன்' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அந்த வீட்டுக்கு அந்தக் காரியமாக மறுபடி வர யாருக்கு ஆசை?

ஏலாக்குறிச்சி பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கினால் அந்த ஊர். மேலத்தெரு அய்யம்பெருமாளும் மாதா கோயில் தெரு சவரியாரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். சவரியார் நாலு வயது மூத்தவர், பால் மாடு வைத்திருந்தார். அவருடைய மனைவி லீலா மேரி இறந்தபோது மூன்று நாளும் சோறு கொண்டுபோனது அய்யம்பெருமாளின் மனைவி பாக்யலட்சுமி. புளிக்குழம்பு வைத்தால் அவள் வைக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். தாளிக்காமலே அப்படி இருக்கும்.

இரண்டாம் நாள் அவள் இடுப்பில் குண்டானோடு போகும்போதுதான் எதிரே கமலவேணி வந்தாள். பெரம்பலூரில் இருக்கும் ஓர் ஆபீசிலிருந்து, வீட்டுக்கு வீடு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கணக்கெடுக்க வந்த பெண். வெயிலில் அலைந்து முகம் கறுத்துப்போயிருந்தது.

"எங்கக்கா குண்டானோட?" என்று கேட்டாள்.

பாக்யலட்சுமி நல்ல மனுஷி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டாள். அந்த ஊர் செய்த ஒரே தப்பு அதுதான்.

கமலவேணி அதை அறிக்கையின் கடைசியில் ஒரு வரி எழுதினாள். ஆபீசின் பெயர் 'பெரம்பலூர் அரியலூர் வட்டார உணவுப் பண்பாட்டு நல்லிணக்க நலவாழ்வு மையம்'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இலையில் போட்ட சோறு ஆறிவிடும். அதன் இயக்குநர் பாலசுந்தரம் அந்த வரியைப் படித்தார். படித்த அன்றே ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஊராட்சி சேவை மையத்தில் கூட்டம் போட்டார்கள். அய்யம்பெருமாள் உரம் வாங்கப் போகிற வழியில் பிடித்து உட்காரவைக்கப்பட்டார். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"உணவு என்பது வெறும் சோறு அல்ல. அது சமூகம். அது ஆரோக்கியம். அது பண்பாடு. அது அறம். இந்த நான்கையும் இணைக்கத்தான் எங்கள் மையம் ஒன்பது ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. இதுவரை நாற்பத்திரண்டு கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம். ஆனால் எங்களுக்கே தெரியாமல், எந்த அனுமதியும் இல்லாமல், நீங்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். இது எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. கொஞ்சம் வருத்தமும் அளிக்கிறது. நான் இருபத்தாறு ஆண்டுகளாக உணவுப் பணியில் இருக்கிறேன். ஒரு நாளும் ஒருவருக்கும் என் கையால் சோறு போட்டதில்லை. அந்த நடுநிலைமைதான் என்னை இந்தப் பொறுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது."

கைதட்டினார்கள். கைதட்டினால் சீக்கிரம் முடிப்பார் என்று ஒரு நம்பிக்கை.

இத்தனை நாள் பேரே இல்லாமல் கிடந்த காரியத்துக்கு 'அன்னப் பாலம்' என்று பேர் வைத்தார். இரண்டு தெருவையும் சேர்த்து மாதிரி கிராமம் என்று அறிவித்தார். மாதிரி கிராமத்துக்குக் குடிநீர்த் தொட்டி வரும் என்றார். கோடையில் மூன்று குடம் தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கிற ஊர். யார் வேண்டாம் என்பார்கள்? அப்புறம் விதிகளைக் கமலவேணி வாசித்தாள். சமைப்பவர் மருத்துவச் சான்று வைத்திருக்க வேண்டும். பெரம்பலூரில் மூன்று நாள் பயிற்சி பெற வேண்டும். உணவு வழங்கும் தேவை குறித்து ஏழு நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும்.

அய்யம்பெருமாள் எழுந்து நின்றார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார், மனசு கேட்கவில்லை.

"ஏழு நாள் முன்னாடின்னா, எதுக்கு முன்னாடிங்க சார்?"

"இறப்புக்கு முன்னாடி."

"அது சொல்லிட்டா சார் வருது?"

"உத்தேசமா சொன்னாப் போதும்," என்றார் இயக்குநர் பெருந்தன்மையாக. "அதுக்குத்தான் எழுபது வயசு தாண்டுனவங்க பட்டியல் தயார் பண்ணியிருக்கோம்."

பட்டியலைச் சேவை மையச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாளே தகராறு. முதல் பேராக இருந்த, மேலத்தெரு தர்மனின் அப்பா, தன்னைப் பத்துப் பேருக்குக் கீழே இறக்கச் சொல்லி மனு எழுதினார். எண்பத்துநாலு வயது உத்திராபதி தன் பேர் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து, இந்த ஊரில் தனக்கு மரியாதை இல்லை என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். திட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு சாவு வேண்டும். மூன்று மாதமாக ஊரில் ஒருவரும் சாகவில்லை. பெரம்பலூரிலிருந்து ஊராட்சித் தலைவருக்கு இரண்டு முறை போன் வந்தது. "என்னங்க, இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்களாம். தலைவர் என்ன செய்வார் பாவம், முயற்சி பண்றோம் சார் என்று சொல்லிவைத்தார்.

ஒருவழியாகத் தர்மனின் அப்பா ஊர் மானத்தைக் காப்பாற்றினார். அடக்கம் முடிந்து வந்தால் வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது: 'துக்க இல்லத்துக்கு வருகை தரும் இயக்குநர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' தர்மன் மொட்டைத் தலையோடு அதன் கீழே நின்றார். இரண்டு தெருவிலிருந்தும் பயிற்சிக்குப் போனவர்கள், பாக்யலட்சுமி உட்பட, பார்வையாளர்களாக மட்டுமே தேறியிருந்ததால், பெரம்பலூரிலிருந்து மூடி போட்ட தட்டில் சோறு வந்திருந்தது. இயக்குநர் அதை நீட்ட, தர்மன் வாங்க, போட்டோ எடுப்பவர், "கொஞ்சம் சிரிச்ச முகமா, சார்," என்றார். எட்டு முறை எடுத்தார்கள். பேச்சு ஒரு மணி நேரம். முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத தர்மனின் அம்மா பந்தலிலேயே சரிந்து விழுந்துவிட்டார். 'பயனாளி உணர்ச்சிவசப்பட்டார்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

அந்த வாரமே பாக்யலட்சுமியின் புளிக்குழம்பைப் பாட்டிலில் ஊற்றி ஆய்வுக்குக் கொண்டுபோனார்கள். முடிவு பதினெட்டு நாளில் வந்தது. 'கடுகு இல்லை. கறிவேப்பிலை இல்லை. தாளிப்பு இல்லை. மனநிறைவுக்கு உகந்ததன்று.' இனிமேல் துக்க வீட்டுக்குள் மையத்தின் உணவைத் தவிர வேறு வெளி உணவு நுழையக் கூடாது; நுழைந்தால் மாதிரி கிராமம் ரத்து, தொட்டியும் ரத்து என்று உத்தரவு வந்தது. துக்க வீட்டுக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் எழுத, வாசலில் கமலவேணி உட்கார வேண்டும் என்றும் இருந்தது.

பாக்யலட்சுமி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"துக்க வூட்டுல மனநிறைவாங்க கேக்குறாங்க?" என்றாள் புருஷனிடம். "நான் செத்தா என்னத்தக் கொண்டாந்து போடுவாங்களோ உங்களுக்கு. மாத்திரையப் போட்டுட்டுப் பசி தாங்க மாட்டீங்களே."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் மாசி பிறந்து நாலாம் நாள், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரியலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வயசு ஐம்பத்தெட்டு. பட்டியலில் அவள் பேரே கிடையாது.

பிள்ளை இல்லை. காரியமெல்லாம் முடிந்து, வந்த சனம் கலைந்து, மறுநாள் பகல் இரண்டு மணிக்கு அய்யம்பெருமாள் மட்டும் வீட்டில் இருந்தார். சர்க்கரை மாத்திரையைப் பழக்கத்தில் காலையிலேயே போட்டுவிட்டார். இப்போது பசி கண்ணைக் கட்டியது. எதிரே அடுப்பு, சாம்பல் அள்ளி மெழுகி, சில்லென்று கிடந்தது.

கமலவேணி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். மையத்தின் துக்க உணவுப் பொட்டலம். மேலே அச்சடித்திருந்தார்கள்: 'நன்றி! மீண்டும் வருக!'

"ஐயா, வாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு முகப்பதிவு எடுக்கணும்," என்று போனை எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "உங்க குடும்பத்துல பயனாளின்னு அக்கா பேருதான் ஏறியிருக்கு."

"அவ இல்லியேம்மா."

"தெரியும் ஐயா. நான் இயக்குநர் சார்கிட்டக் கேக்குறேன்."

கேட்டாள். போனில் இயக்குநரின் குரல் வெளியே கேட்டது. "பேரை மாத்தணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும். இருபத்தோரு நாள் ஆகும். அதுவரைக்கும் போட்டோ இருக்குமே, அதைக் காட்டிப் பாரும்மா. மனிதாபிமானத்தோட நடந்துக்கணும்."

சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்கு நேரே கமலவேணி போனைப் பிடித்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: "கண்களைச் சிமிட்டவும்."

இரண்டு பேரும் பாக்யலட்சுமியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கண்களைச் சிமிட்டவும். பயனாளி ஒத்துழைக்கவில்லை. மீண்டும் முயலவும்."

மூன்றாம் முறை கேட்டபோது அய்யம்பெருமாள், "போதும்மா, அவளை விட்டுடு," என்றார். கமலவேணி போனை அணைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். கொடுக்கவும் முடியாது, திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை.

சற்று நேரத்தில் டி.வி.எஸ். வண்டியில் சவரியார் வந்தார். முன்னால் ஒரு பால் கேன்.

"கேன்ல என்னங்கய்யா?"

சவரியார் எழுபதை நெருங்குகிறவர். பொய் சொன்னால் அடுத்த ஞாயிறே பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிற ஆள்.

"தவிடும்மா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "மாட்டுக்கு. நேத்துலேர்ந்து அது ஒண்ணுந் திங்கல."

கமலவேணி நோட்டில் 'தவிடு, ஒரு கேன்' என்று எழுதினாள்.

சவரியார் கொல்லைப்பக்கமாக மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கேனை இறக்கினார். அய்யம்பெருமாள் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். சோறு, அதன் நடுவே ஒரு சின்னத் தூக்குவாளியில் புளிக்குழம்பு. தாளிக்காதது. லீலா மேரி போனதிலிருந்து மருமகள் கையால் சாப்பிடுகிற மனுஷன், தன் தெருவில் யாரையும் மாட்டிவிட வேண்டாம் என்று தானே அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டதும் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. முறை அதுதான்.

அய்யம்பெருமாள் தட்டை எடுத்து வந்து சாணி வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். சோறு குழைந்திருந்தது. குழம்பில் உப்பே இல்லை. நாலாவது வாயில் அவருக்கு அழுகை வந்தது. பெண்டாட்டி செத்ததற்கு அப்போதுதான் முதன்முதலாக அழுதார்.

நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் கமலவேணி நிற்கிறாள்.

"மாடு சாப்பிடுதுங்களா?" என்று கேட்டாள் மெல்ல.

"சாப்பிடுதும்மா," என்றார் சவரியார்.

அவள் கேனை எட்டிப் பார்த்தாள். "தவிடு மிச்சம் இருக்குமாங்கய்யா?"

சவரியார் கேன் மூடியில் சோறு போட்டுக் கொடுத்தார். நின்றபடியே சாப்பிட்டாள்.

அதிலிருந்து இரண்டு தெருவிலும் தவிடு நடமாட ஆரம்பித்தது. மாடே இல்லாத வீட்டுக்கும் போயிற்று. ஆட்டுக்குட்டிகூட வளர்க்காத உத்திராபதியின் வீட்டுக்கு, அவர் பட்டியலில் ஏறாமலே போய்ச் சேர்ந்தபோது, மூன்று நாளில் ஒன்பது கேன் தவிடு போயிற்று. கமலவேணி ஒன்று விடாமல் எழுதினாள். அவள் கடமை அது. 'வெளி உணவு: இல்லை. தவிடு: ஒன்பது கேன்.'

பெரம்பலூரில் இயக்குநர் எட்டு மாத அறிக்கையைப் புரட்டினார். வெளி உணவு என்ற கட்டம் முழுக்கச் சுழியம். தமிழ்நாட்டிலேயே வேறெங்கும் இப்படி இல்லை என்று சென்னைக்கு எழுதினார். விருது தருவதற்காகவே ஒரு மேலதிகாரி புறப்பட்டு வருவதாகப் பதில் வந்தது. அப்புறம் தவிட்டுக் கணக்கைப் பார்த்தார். யோசித்தார். சும்மா சொல்லக் கூடாது, படித்த மூளை. துக்க வீட்டு மாடுகள் மற்ற மாடுகளைவிட நாலு மடங்கு தின்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டார். 'கால்நடைகளின் துக்ககால உணவுப் பழக்கம்' என்று ஒரு ஆய்வைத் தொடங்கிவைக்க, விருது நாளையே குறித்தார்.

அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் சவரியார் இறந்துபோனார். பால் கறந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

காலையில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அய்யம்பெருமாள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். தெருவில் இன்னொருத்தர் சமைக்கிறேன் என்றார். வேண்டாம், இது என் முறை என்றார். புளியைக் கரைத்தார். பாக்யலட்சுமி எந்தக் கரண்டியால் எவ்வளவு போடுவாள் என்று நினைத்து நினைத்து வைத்தார். உப்பைப் போட்டு, நக்கிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் போட்டார். இறக்கினதும் பழக்கதோஷத்தில் கடுகு டப்பாவுக்குப் போன கையை இழுத்துக்கொண்டார். அவள் போன பிறகு மாட்டை விற்றாயிற்று. பால் கேன் மட்டும் இருந்தது. அதில் சோற்றைப் போட்டு, மேலே குழம்பை ஊற்றி மூடித் தலையில் வைத்துக்கொண்டார். அங்கே சவரியாரின் மகன் சாம், மருமகள் ரீனா, இரண்டு பிள்ளைகள். நேற்று மதியம் சாப்பிட்டவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இது போய்ச் சேர வேண்டும், வேறொன்றும் அவருக்கு வேண்டாம்.

மாதா கோயில் தெரு முனையில் இரண்டு ஜீப் நின்றன.

"பெரியவரே, நில்லுங்க," என்றார் பாலசுந்தரம். முகமெல்லாம் மலர்ச்சி. "கமலவேணி, இது தவிடுதானே?"

கமலவேணி நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"துக்க வீட்டுக்குத்தானே போவுது? பொருத்தமான நேரம். முதல் சாம்பிள் நானே எடுக்கிறேன்."

"சார், நேரமாவுதுங்க," என்றார் அய்யம்பெருமாள்.

"மாடு காத்திருக்கும்," என்று சொல்லி, கேனை இறக்கி மூடியைத் திறந்தார்.

ஆவி வந்தது. மணி ஒன்றரை. புளிக்குழம்பு வாசம் தெரு முனையில் நின்ற அத்தனை பேர் மூக்கிலும் ஏறியது. பாலசுந்தரம் கேனுக்குள் பார்த்தார். கமலவேணியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். எட்டு மாதச் சுழியமும் அவர் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போயிருக்க வேண்டும்.

பின்னாலிருந்த ஜீப்பில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேலதிகாரி கேட்டார்: "என்ன பாலசுந்தரம், உள்ள என்ன இருக்கு?"

"தவிடு சார்," என்றார் பாலசுந்தரம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல, தரமான தவிடு."

"சாம்பிள் எடுத்துக்குங்க."

ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டார். மூடியைத் தன் கையாலேயே இறுக்கமாகப் போட்டார். பிறகு அய்யம்பெருமாளின் காதருகே குனிந்து, "தாளிக்கலை போல," என்றார்.

அய்யம்பெருமாள் கேன் மூடியை எடுத்து மூடினார்.

"சரி, போயிட்டு வாங்க."

அந்த வார்த்தைக்கு அவர் பதில் சொல்லவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தச் சாம்பிள் ஆய்வகத்துக்குப் போகவே இல்லை என்று கமலவேணி பிறகு சொன்னாள். விருது வாங்கிய கையோடு, ஜீப்புக்கு அந்தப் பக்கம் தனியாக நின்று டப்பாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தாராம் மனுஷன். உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று வேறு சொன்னாராம்.

சவரியார் வீட்டுக் கொல்லையில் மாடு கட்டுத்தறியிலேயே நின்று இவரைப் பார்த்தது. அய்யம்பெருமாள் கேனை இறக்கிப் பின்படியில் வைத்தார். உள்ளே சின்னப் பிள்ளை எதற்கோ சிணுங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. கால் கடுத்தது. அவர் நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்து ரீனா வந்து கேனை உள்ளே எடுத்துப் போனாள். அப்புறம் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதும் கேட்டபிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வீட்டுக்கு நடந்தார்.